முத்திரையைப் பார்க்காதீர், தொழிலாளியைக் கேளுங்கள்



பெரிய கணினிக் கம்பனிகள் ஆண்டுதோறும் பளபளப்பான அறிக்கையொன்றை வெளியிடுகின்றன. காற்றை மாசுபடுத்துவதைக் குறைத்தோம், எங்களுக்குப் பொருள் செய்து தரும் தொழிற்சாலைகளில் தொழிலாளருக்கு மரியாதை உண்டு என்று அதில் எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டுப் படித்தவர்கள் பலர் "பொறுப்புள்ள கம்பனி" என்று புள்ளி போடுகிறார்கள். தன் பரீட்சைத்தாளைத் தானே திருத்திய மாணவனுக்கு முதலாம் பரிசு கொடுப்பது போன்றது இது.

தோட்டத்துச் சனங்களுக்கும் கணினிக் கம்பனிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கொரோனா காலத்தில் பிள்ளைகளின் ஒன்லைன் வகுப்புக்காகக் கடன்பட்டுக் கைபேசி வாங்கியவர்கள் நாம். அதைவிட முக்கியம், அந்தத் தொழிற்சாலைகளுக்குப் பரிசோதனை போவது போலவே நமது தேயிலை மலைக்கும் பரிசோதனையும் சான்றிதழும் வருகின்றன. அங்கே நடந்ததைத் தெரிந்துகொண்டால் இங்கே ஏமாறாமல் இருக்கலாம்.

உலகின் மிகப் பெரிய கம்பனிகளில் ஒன்றான அப்பிளை எடுத்துக்கொள்வோம். தனக்குப் பொருள் செய்து தரும் தொழிற்சாலைகள் எப்படி நடக்க வேண்டும் என்று 2005இலேயே அது ஒரு நடத்தைக் கோவை எழுதியது. ஆனால் 2009இல் சீனாவின் சுஜோ நகரில், அப்பிளுக்குத் தொடுதிரை செய்த வின்டெக் தொழிற்சாலையில், திரை துடைக்க அற்ககோலுக்குப் பதிலாக எக்சேன் என்ற இரசாயனம் கொடுக்கப்பட்டது. அது சீக்கிரம் காயும்; வேலை வேகமாக முடியும். அந்த ஆவி நரம்பைத் தாக்கியது. கை கால் மரத்து, நடக்க முடியாமல் தொழிலாளர் ஆஸ்பத்திரியில் விழுந்தனர். 2010 ஜனவரியில் வேலைநிறுத்தம் வெடித்தது. 137 பேர் பாதிக்கப்பட்டதாக அப்பிள் தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டது 2011இல். இறுதிப் பொருத்து வேலையில் அந்த இரசாயனத்துக்குத் தடை போட்டது 2014இல். கோவை எழுதி ஒன்பது வருடம்!

சுற்றுச்சூழல் ஒரு பக்கம், தொழிலாளர் உரிமை மறுபக்கம் என்று பிரித்துப் புள்ளி போடுகிறவர்கள் இதை யோசிக்கட்டும். விஷம் ஆற்றில் கலக்கும் முன்னர் தொழிலாளியின் மூச்சில் கலக்கிறது. மலையில் மருந்தடிக்கும் நமது ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2010இல் சீனாவின் ஷென்சென் நகரிலுள்ள பொக்ஸ்கொன் தொழிற்சாலையில் இளம் தொழிலாளர் அடுத்தடுத்து உயிரை மாய்த்துக்கொண்டனர். நிர்வாகம் கட்டடங்களைச் சுற்றி வலை கட்டியது. பின்னர் அப்பிளே அழைத்து, நியாயமான தொழில் சங்கம் என்ற அமெரிக்க அமைப்பு மூன்று தொழிற்சாலைகளில் 35,000க்கும் அதிகமான தொழிலாளரிடம் கேட்டது. 2012 மார்ச்சில் வந்த முடிவு என்ன? வாரம் 60 மணித்தியாலத்துக்கு மேலும் வேலை வாங்கப்படுகிறது. நூற்றுக்கு 64 பேர் சம்பளம் அடிப்படைத் தேவைக்கே போதாது என்றனர். தொழிற்சங்கக் குழுக்களிலோ நிர்வாகம் நிறுத்திய ஆட்கள்! வருடாவருடம் பரிசோதனை நடத்திய கம்பனிக்கு இவ்வளவும் தெரியாமலா இருந்தது?

சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் செய்யும் பொக்ஸ்கொன் தொழிற்சாலையில் நம் மொழி பேசும் பெண்பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வேலை செய்கிறார்கள். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு நஞ்சாகி 150க்கும் அதிகமான பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். அவர்கள் நெருஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். பொலிஸார் பலரைப் பிடித்துச் சென்றனர். அதன் பிறகுதான் சில விடுதிகளும் சாப்பாட்டு அறைகளும் தன் விதிகளுக்கு ஏற்றவையாக இல்லை என்று அப்பிள் சொன்னது. தொழிற்சாலையைக் கண்காணிப்பில் வைத்தது. லயத்தில் வாழ்கிற நமக்கு அந்த விடுதி எப்படி இருந்திருக்கும் என்று தெரியும். அந்தப் பெண்கள் வீதிக்கு வராமல் இருந்திருந்தால் அந்த ஆண்டு அறிக்கையும் அழகாகவே வந்திருக்கும்.

மரம் நடும் கதையையும் பார்ப்போம். தன் கைக்கடிகாரம் காற்றுக்குக் கேடே செய்யாதது என்று அப்பிள் விளம்பரம் செய்தது. அதற்குக் காட்டிய கணக்குகளில் ஒன்று பரகுவே நாட்டில் நட்ட யூக்கலிப்டஸ் தோட்டம். அந்த நிலத்தில் முக்கால்வாசிக்கான குத்தகை 2029இல் முடிகிறது. அதன் பிறகு மரம் நிற்குமா என்பதற்கு உறுதியில்லை. 2025 ஓகஸ்டில் ஜெர்மனியின் பிராங்பேர்ட் நீதிமன்றம் அந்த விளம்பரத்தைத் தடை செய்தது. யூக்கலிப்டஸ் வந்தால் ஊற்று வற்றும் என்று நமது பெரியவர்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த மரம் அங்கே பச்சைச் சான்றிதழாகிறது!

அப்பிள் நல்லது எதுவுமே செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. 2012இல் தனக்குப் பொருள் கொடுக்கும் கம்பனிகளின் பட்டியலை வெளியிட்டது. வேலைக்குச் சேர ஏஜென்டுக்குக் கட்டிய பணத்தைத் தொழிலாளருக்குத் திருப்பிக் கொடுக்க வைத்தது. ஆனால் வேலைநிறுத்தம், மறியல், பத்திரிகைச் செய்தி, வழக்கு என்று யாராவது நெருக்கிய பிறகே பெரிய திருத்தங்கள் வந்தன. நன்றி சொல்ல வேண்டியது நெருக்கியவர்களுக்கு.

இப்போது நமது மலைக்கு வருவோம். சான்றிதழ்க்காரர் வருகிறார் என்றால் முதல் நாளே கையுறையும் முகக்கவசமும் வெளியே வரும். மலசலகூடம் கழுவப்படும். முதலுதவிப் பெட்டியில் மருந்து நிரம்பும். துரையும் கணக்கப்பிள்ளையும் பக்கத்தில் நிற்க, "குறை ஏதும் உண்டா?" என்று கேட்பார்கள். யார் வாய் திறப்பார்? 2021இல் சம்பள நிர்ணய சபை நாட்சம்பளத்தை 1000 ரூபாவாக்கியது. அதன் பின் பல தோட்டங்களில் கொழுந்தின் கிலோ அளவு கூட்டப்பட்டது. கிலோ குறைந்தால் அரைப்பேர் விழுந்தது. பக்கெட்டில் ஒட்டிய எந்த முத்திரையிலாவது இந்த அரைப்பேர் எழுதியிருக்கிறதா?

எனவே கணினியோ தேயிலையோ, ஒரு கம்பனியை எடைபோட நாம் கேட்கும் கேள்விகள் இவை: தொழிலாளர் தங்கள் சொந்தச் சங்கத்தில் பயமின்றிச் சேர முடிகிறதா? ஒருவரின் சம்பளம் குடும்பம் பிழைக்கப் போதுமா? முறைப்பாடு சொன்னவர் மறுநாளும் வேலையில் இருக்கிறாரா? கையாளும் மருந்தின் பெயரும் ஆபத்தும் தொழிலாளிக்குச் சொல்லப்பட்டதா? தொழிற்சாலைக்குக் கொடுக்கும் விலையைக் கம்பனி கூட்டியதா, அல்லது விதிகளை மட்டும் கூட்டியதா? இவற்றுக்குப் பதில் இல்லாத அறிக்கை வெறும் கடதாசி.

எல்லாத் தோட்டக் கமிட்டிகளுக்கும், மாதர் தலைவிகளுக்கும் சொல்கிறோம். பரிசோதனைக்கு வருபவர் தோட்டச் சங்கத் தலைவரைச் சந்திக்காமல் போகக்கூடாது என்று எழுத்தில் கேளுங்கள். கொழுந்து பறிக்கும் பெண்களுடன் நிர்வாகத்தின் ஆள் இல்லாத இடத்தில் பேச வேண்டும் என்று கேளுங்கள். முடிவு அறிக்கையைத் தமிழில் பிரட்டுக்களத்தில் ஒட்ட வேண்டும் என்று கேளுங்கள். மறுத்தால் திகதியோடு எழுதி மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள்.

சான்றிதழ்க்காரர் வருடத்தில் ஒரு நாள் வருகிறார். சங்கம் வருடத்தின் எல்லா நாளும் தோட்டத்தில் இருக்கிறது. நம் நிலையைப் பற்றிச் சாட்சி சொல்லும் உரிமையை எந்த முத்திரைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டோம்.