சிமெண்ட் என்னும் சொல்

"முதுகெலும்பு நசுங்கியிருக்கிறது, சிமெண்ட் வைத்தால் சரியாகிவிடும்." வலியால் நிமிர முடியாத மூதாட்டியின் குடும்பத்தாருக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படுவதில்லை. விரிசல் கண்ட சுவரைப் பூசிப் பழகியவர்கள் நாம். இந்தத் தெளிவில்தான் சிக்கல் இருக்கிறது.

1980களில் பிரான்சின் அமியான் நகரில் தொடங்கிய முறை இது. முதலில் செய்யப்பட்டது எலும்புப்புரைக்காக அன்று, முள்ளெலும்பில் தோன்றிய இரத்தக்குழாய்க் கட்டிக்காக. ஊசி வழியே செலுத்தப்படும் பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் சில நிமிடங்களில் இறுகிவிடும். பின்னர் இம்முறை எலும்புப்புரை முறிவுகளுக்கும் பரவியது. வலி குறைந்தது என்றனர் நோயாளிகள், உண்மையாகவே குறைந்தது. எதனால் என்பதே கேள்வி.

2009இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் இரண்டு ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்தன. ஒன்றில் 78 பேர், மற்றொன்றில் 131 பேர். ஒரு பிரிவினருக்குச் சிமெண்ட் செலுத்தப்பட்டது. மறுபிரிவினருக்கும் அதே மேசை, அதே மரப்பூசி. சிமெண்டின் நெடிகூட அறையில் பரவவிடப்பட்டது, சிமெண்ட் மட்டும் செலுத்தப்படவில்லை. இரு பிரிவினருக்கும் வலி ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்தது.

பழைய முறிவுகளைச் சேர்த்ததால் வந்த முடிவு இது என்று மறுப்பு எழுந்தது. நியாயமான மறுப்பு. 2016இல் லான்செட் இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு, ஆறு வாரத்துக்கு உட்பட்ட முறிவுகளில் பயன் இருப்பதாகக் காட்டியது. ஆனால் புதிய முறிவுகளையே எடுத்துக்கொண்ட நெதர்லாந்து ஆய்வு (2018, 180 பேர்) வலியில் வேறுபாடு காணவில்லை. மருந்துக்கு அடங்காத கடும் வலியோடு படுக்கையிலேயே கிடக்கும் சிலருக்கு இது உதவக்கூடும், அதை மறுப்பதற்கில்லை. எல்லோருக்கும் உரிய பழுதுபார்ப்பாக இதை முன்வைப்பதற்குத்தான் சான்று போதவில்லை.

தமிழ்ப் பேச்சில் இன்னொரு குழப்பமும் உண்டு. மூட்டு தேய்வதும் எலும்பு உள்ளே புரையோடுவதும் இரண்டும் "தேய்மானம்" என்றே சொல்லப்படுகின்றன. தேய்மானம் என்றால் வயதின் விதி, செய்வதற்கு ஒன்றுமில்லை. சிமெண்ட் என்றால் வேலை முடிந்தது. இவ்விரு சொற்களுக்கும் நடுவே, அடுத்த எலும்பு முறியாமல் காக்கும் மருத்துவம் காணாமல் போகிறது. ஆண்டுக்கு ஒருமுறை போடப்படும் சோலெட்ரோனிக் அமில ஊசி முறிவுகளைக் குறைக்கும் என்பது உறுதிப்பட்ட ஒன்று. சிமெண்ட் நோயைத் தொடுவதே இல்லை. அரிதாக அது கசிந்து நரம்பையோ நுரையீரலையோ எட்டுவதும் உண்டு.

ஒப்புதல் படிவத்தில், நோயாளியின் மொழியில், ஒரு வரி சேர்க்கச் செலவில்லை: இவ்வலி பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே தணியத் தொடங்கும்.