கொடுத்தவர் நலமும் நம் பொறுப்பே



சிறுநீரகம் செயலிழந்த கணவருக்கு மனைவியும், மகனுக்குத் தாயும் தம் சிறுநீரகங்களுள் ஒன்றை ஈவது நம் குடும்பங்களிலும் நிகழ்கின்றது. அறுவைக்குப் பின் நாம் அனைவரும் பெற்றவரின் நலனையே விசாரிக்கின்றோம். கொடுத்தவர் நோயற்றவர், அவருக்கு என்ன நேர்ந்துவிடும் என்று எண்ணிவிடுகின்றோம். இவ்வெண்ணம் திருத்தப்பட வேண்டியது.

பெரிய அறுவைச் சிகிச்சை எதற்குப் பின்னரும் காலின் ஆழத்திலுள்ள இரத்தக் குழாய்களில் இரத்தம் உறைந்து கட்டியாகக்கூடும். அசையாது படுத்திருப்பதால் இரத்தவோட்டம் மந்தமாகின்றது. அறுவைக் காயத்தால் உறையும் தன்மையும் மிகுகின்றது. அக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. தானமளித்தோருக்கு இஃது அரிதே. எனினும் வீடு திரும்பிச் சில வாரங்கள் வரை நேரக்கூடும்.

ஆகவே, ஓய்வு என்னும் பெயரால் அவரைக் கட்டிலிலேயே கிடத்துவது அன்பாகாது. மருத்துவர் அனுமதித்தவுடன் எழுந்து நடப்பதே முதற்காப்பு. இறுக்கக் காலுறையோ உறைதலைத் தடுக்கும் ஊசியோ தரப்பட்டிருப்பின், சொன்ன நாள்வரை தொடர வேண்டும். முன்பு இரத்தக்கட்டி ஏற்பட்டிருந்தாலும், கருத்தடை மாத்திரை உட்கொண்டு வந்தாலும், வெட்கத்தால் மறைக்காது அறுவைக்கு முன்பே கூறிவிட வேண்டும்.

கொடைக்கானல், பண்ணைக்காடு, பூம்பாறைப் பகுதிகளில் வாழ்வோர்க்குப் பயணமும் ஒரு சோதனையே. மதுரையிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர். அத்தனை தொலைவும் கால்களை மடக்கி அமர்ந்து வருதல் நன்றன்று. வத்தலக்குண்டில் இறங்கிச் சற்று நடக்கச் செய்யலாம். வீடு வந்தபின் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், தைலம் தேய்த்துவிடாமல் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். திடீரென மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ, மலைக்குளிர் என்று காத்திராமல் 108ஐ அழைக்க வேண்டும்.

உயிருள்ளவரின் உறுப்புத் தானத்தை 1985இல் அனுமதித்த மக்காவின் ஃபிக்ஹுப் பேரவை, அவர் மனமுவந்து அளிக்க வேண்டும் என்றும், அவரது இயல்பு வாழ்வைக் குலைக்கும் தீங்கு நேரலாகாது என்றும் நிபந்தனை விதித்தது. இந்நிபந்தனை அறுவை அரங்கோடு முடிவதன்று. அதன்பின் அதனைக் காப்பது குடும்பத்தின் கடமை என்பதே நம் கருத்து. நம் நாட்டில் உயிருடன் தானமளிப்போருள் பெரும்பாலோர் பெண்கள். தழும்பு ஆறுமுன் அவர்களை அடுப்படிச் சுமைக்கு அனுப்புவதும், மறுபரிசோதனையைத் தவறவிடுவதும் நீதியாகுமா? பெற்றவருக்கு நிதி திரட்டும் ஜமாஅத்துகள், கொடுத்தவரின் மறுபரிசோதனைக்கு ஒரு வாகனமும், சில வாரங்களுக்கு வீட்டுவேலைத் துணையும் ஏற்பாடு செய்யட்டும்.

ஈந்தவர்க்கும் பெற்றவர்க்கும் வல்ல அல்லாஹ் பூரண சுகத்தை அருள்வானாக! ஆமீன்.