பிள்ளையை வெளியே கூட்டிக்கொண்டு போங்கள்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு திருப்பலி. எழுந்தேற்ற மணி ஒலித்ததும் ஒரு சிறுவன் காதுகளைப் பொத்திக்கொண்டு அலறினான். "பிள்ளையை வெளியே கூட்டிக்கொண்டு போங்கள்" என்று யாரோ சொன்னார்கள். தாய் அவனை இழுத்துக்கொண்டு வெளியேறினார். கோவிலே திரும்பிப் பார்த்தது. பீடத்திலிருந்து நானும் பார்த்தேன். கனிவான பார்வை அல்ல அது. பல மாதங்கள் அக்குடும்பம் கோவிலுக்கு வரவில்லை. வீடு சந்திக்கப் போனபோதுதான் அவனுக்கு ஆட்டிசம் என்று அறிந்தேன். "நாங்க வந்தா மத்தவங்க செபம் கெடுது சாமி" என்றார் அந்தத் தாய்.

ஏப்ரல் 2-ஆம் தேதியை உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளாக ஐ.நா. பொதுப்பேரவை 2007-இல் அறிவித்தது. நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசத்தைச் சேர்த்துள்ளது. தமிழில் சிலர் 'மதியிறுக்கம்' என்கிறார்கள். எனக்கு அச்சொல் பிடிக்கவில்லை. இவர்களின் மதி இறுகிப் போகவில்லை. பலருக்கு ஒலியும் ஒளியும் தொடுகையும் நம்மைவிடப் பல மடங்கு உறைக்கின்றன. நம் கோவில்களின் ஒலிபெருக்கிகளை நினைத்துப் பாருங்கள்!

இதைவிடக் கொடுமை, பெற்றோரின் பாவம், சாபம், தீய ஆவி என்று சொல்லி இக்குழந்தைகளைச் செபக்கூட்டம் செபக்கூட்டமாக இழுத்துச் செல்வது. பிறவியிலேயே பார்வையற்றவரைக் குறித்துச் சீடர்கள் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். அவர் செய்த பாவமும் அல்ல, பெற்றோர் செய்த பாவமும் அல்ல என்று ஆண்டவர் மறுத்துவிட்டார் (யோவான் 9).

அந்தச் சிறுவனுக்கு அப்போது புதுநன்மை வயது. செபங்களை ஒப்புவிக்கத் தெரியாததால் மறைக்கல்வி வகுப்பில் ஒதுக்கிவிட்டிருந்தார்கள். உடல், மனக் குறைபாடு உள்ளோருக்கு அவர்கள் நிலைக்கேற்ப மறைக்கல்வி கிடைக்கச் செய்வது பங்குத்தந்தையின் கடமை என்கிறது திருச்சபைச் சட்டம் 777. குருமடத்தில் படித்ததுதான், தேர்வோடு மறந்துவிட்டேன். ஆட்டிசம் உள்ள எல்லாருக்கும் அறிவுத்திறன் குறைபாடு இருப்பதில்லை. அப்படி இருந்தாலும், உடன்வரும் குடும்பத்தின், சமூகத்தின் விசுவாசத்திலும் அவர்கள் நற்கருணை பெறுகிறார்கள் என்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2007-இல் எழுதினார்.

பெரிய செலவு எதுவும் ஆகவில்லை. பக்கவாசல் அருகிலுள்ள ஒலிபெருக்கியை நிறுத்தினோம். திருப்பலியில் எதற்குப்பின் எது என்று ஒரு சகோதரி படமாக வரைந்து கொடுத்தார். அப்பத்தின் தொடுகை நாவுக்கு ஒவ்வாததால் சிறு துண்டு தருகிறேன். அதிலும் முழுக் கிறிஸ்துவே இருக்கிறார். சமாதான வாழ்த்தின்போது யாரும் அவனைத் தொடுவதில்லை, கைகூப்புகிறார்கள்.

பாஸ்கா திருவிழிப்பில் 'உன்னதங்களிலே' பாடும்போது வெடி வெடிப்பதுதான் இன்னும் தீரவில்லை. நிறுத்தலாம் என்றேன். இளைஞர்கள் சம்மதிக்கவில்லை. வரும் ஞாயிறு பங்குப் பேரவையில் மறுபடி பேசுகிறோம். இம்முறை அந்தத் தாயையும் வரச் சொல்லியிருக்கிறேன்.