பேதிக்கு முன்னே நெய்

வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்பர் நம் முதியோர். புதனும் சனியும் எண்ணெய் முழுக்குக்கு இழுக்கும்போது சொல்லும் மொழி அது. ஆயின், வைத்தியரிடமே சென்றாலும் அவரும் முதலில் நெய்யைத்தானே நீட்டுகிறார்!

முழங்கால் நோவுள்ள என் நண்பர் ஒருவர் சென்ற விடுமுறையிலே பஞ்சகர்ம சிகிச்சைக்குப் புறப்பட்டார். கைவசம் இருந்தது ஐந்து நாள் லீவு. "நெய்யைக் குடித்துப் படுத்திருக்க எனக்கு நேரமேது? முதல் நாளே பேதி மருந்தைத் தாருங்கள்" என்றாராம். அவ்விடத்தாரும் இசைந்துவிட்டனர். வயிற்று உளைவும் களைப்புமாக வீடு திரும்பியவர், ஆயுர்வேதமே பொய் என்கிறார்.

பொய்யானது எது? வமனம், விரேசனம் முதலிய சுத்திகளுக்கு முன்னர்ச் சினேகனம், சுவேதனம் என்னும் இரண்டும் நிகழவேண்டும் என்பது விதி. நெய்ப்பூட்டுதலும் வியர்ப்பித்தலும் என்று தமிழிற் சொல்லலாம். சரக சங்கிதையின் சூத்திரத்தானத்திலே பதின்மூன்றாம் அத்தியாயம் முழுவதும் நெய்ப்புக்கே உரியது. உடலெங்கும் ஒட்டிக்கிடக்கும் தோஷங்கள் நெகிழ்ந்து குடலை வந்தடைந்த பின்னரே அவற்றை வெளியேற்றலாம் என்பது நூலோர் கொள்கை. எண்ணெய் தடவாத கல்லில் தோசை வார்த்துப் பெயர்த்தவர்களுக்கு இதனை விளக்கவேண்டுவதில்லை.

நெய், எண்ணெய், கொழுப்பு, மச்சை என்னும் நான்கனுள் நெய்யே தலையாயது. இரவுணவு செரித்தபின், காலையில், சிறிதளவிலே தொடங்குவர். அது செரிக்கும் நேரத்தை நோக்கி நாளுக்குநாள் கூட்டுவர். உடன் அருந்துவது வெந்நீர். பசித்த பின்பே கஞ்சி. இளகிய குடலுடையார்க்கு மூன்று நாளும் வன்குடலார்க்கு ஏழு நாளும் கணக்கு. அதற்கு மேற்பட்டால் உடல் நெய்க்குப் பழகிவிடும். பசி மூண்டு, வாயு இறங்கி, மலம் நெய்ப்புற்று இளகினால் போதிய குறி கண்டதாம். பகலுறக்கமோ விலக்கப்பட்டது, படுத்திருப்பதாக நண்பர் எண்ணியது வீண்! நெய்யை நிறுத்தி மூன்று நாட் கழிந்தபின்பே பேதி. ஆகவே, மிகக் குறைந்த கணக்கிலும் அவருடைய ஐந்து நாள் பேதி மருந்துவரைகூடப் போதாது.

நெய்யைக் கண்டாலே குமட்டுவோருக்கு உணவோடு கலந்தும் வேறு வகையாகவும் கொடுக்க இருபத்துநான்கு வழிகளைச் சரகர் வகுத்திருக்கிறார். அஜீரணமுடையாரும் கருவுற்றாரும் இதற்கு ஆகார். இருதய நோய், பித்தக்கல், இரத்தத்திற் கொழுப்பு மிகுதி ஆகியன உள்ளோர் தம்மைப் பார்க்கும் ஆங்கில வைத்தியரையும் கேட்டே தொடங்கல் வேண்டும். பெருந்தொகையான நோயாளரிடத்துச் செய்த பரிசோதனைகள் இதற்கு இன்னும் குறைவு என்பதையும் மறைப்பதற்கில்லை.

இவற்றையெல்லாம் நண்பருக்கு எடுத்துரைத்தேன். பொறுமையாகக் கேட்டார். மார்கழி விடுமுறையில் மீண்டும் போக எண்ணியிருக்கிறாராம். எத்தனை நாளுக்கு என்று வினவினேன்.

"ஆறு நாள்" என்றார்.