சூரிய பகவானும் சமையலறையும்

சூரியன் இருக்க விறகு எதற்கு என்று கேட்பது சுலபம். 1878-ம் வருஷத்திலேயே பம்பாயில் வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேயர் அப்படிக் கேட்டார். கேட்டதோடு நில்லாமல், கண்ணாடிகளை எண்கோணமாக அமைத்து அவற்றின் நடுவே பாத்திரத்தை வைத்து, ஏழு சிப்பாய்களுக்கு வேண்டிய இறைச்சியையும் காய்கறியையும் இரண்டு மணி நேரத்தில் சமைத்துக் காட்டினார். அதுவும் ஜனவரி மாதத்தில்!

சுதந்திரத்துக்குப் பின், 1950-களில், டில்லியிலுள்ள தேசீய பௌதிக ஆராய்ச்சிச் சாலையார் கிண்ணம் போல் குவிந்த கண்ணாடி அடுப்பு ஒன்றை வெளியிட்டார்கள். ஆயினும் கிராமங்களில் புகை ஓயவில்லை. 2016-ல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் கோடிக்கணக்கான வீடுகளுக்கு எரிவாயு போய்ச் சேர்ந்தது. அடுத்த உருளைக்குப் பணமில்லாத மாதத்தில் அந்த வீடுகளிலும் பல சுள்ளி பொறுக்கவே போகின்றன.

'கிராமத்தாருக்குப் புதுமை பிடிக்காது' என்று பட்டணத்துக் கனவான்கள் தீர்ப்புக் கூறுவதுண்டு. நமக்கு அதில் சம்மதமில்லை. கூலி வேலைக்குப் போகும் ஸ்திரீ பொழுது புலருமுன் ஒரு முறையும், பொழுது சாய்ந்தபின் ஒரு முறையும் உலை வைக்கிறாள். அந்த இரண்டு வேளையும் சூரிய பகவான் ஊரில் இல்லை! பகலில் சமைப்பதென்றாலோ கிண்ண அடுப்பை அடிக்கடி சூரியனை நோக்கித் திருப்பிக்கொண்டு, கண் கூச வெயிலில் நிற்கவேண்டும். இதை வேண்டாமென்றவள் அறியாமையால் சொல்லவில்லை; கணக்குப் பார்த்தே சொன்னாள்.

பெட்டி அடுப்பின் சமாசாரம் வேறு. உட்புறம் கறுப்பு வர்ணம், மேலே இரட்டைக் கண்ணாடி, சுற்றிலும் உஷ்ணம் வெளியேறாதபடி பஞ்சோ உமியோ அடைத்த சுவர், வெயிலை உள்ளே திருப்ப மூடியில் ஒரு முகக்கண்ணாடி. கண்ணாடி வழியே புகுந்த வெயில் கறுப்புத் தகட்டில் உஷ்ணமாகி, வெளியே போக வழியின்றி அகப்பட்டுக்கொள்கிறது. சோறும் பருப்பும் தாமே வேகும். கிளற வேண்டியதில்லை, அடிப்பிடிப்பதுமில்லை. தாளிப்பதும் ரொட்டி சுடுவதும் இதனால் ஆகாது. மழைக்காலத்தில் பெட்டி மூலையில்தான் இருக்கும். நாயும் ஆடும் மூடியைத் தள்ளாமல் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒரு கிழவியாவது வேண்டும்.

ஆகையால், விறகடுப்பையே ஒழிப்போம் என்று பிரசாரம் செய்வதை விட, நெடுநேரம் எரிக்க வைக்கும் பருப்பு, கடலை வகைகளை மட்டும் பெட்டியிடம் ஒப்படைக்கச் சொல்வது புத்திசாலித்தனம். தலைச்சுமையில் பாதி குறைந்தாலும் லாபந்தானே?

மத்தியப் பிரதேசத்தில் பேதூல் ஜில்லாவைச் சேர்ந்த பாஞ்சா கிராமத்தில் 2018-ல் வேறு வழி கண்டார்கள். பம்பாய் ஐ.ஐ.டி.யார் வகுத்த ஏற்பாட்டின்படி அங்கிருந்த 74 வீடுகளுக்கும் சூரிய மின்தகடு, பாட்டரி, மின்சார அடுப்பு ஆகியவை கிடைத்தன. பகல் வெயிலைச் சேமித்து, இருட்டிய பிறகு வீட்டுக்குள்ளேயே சமைக்கலாம். அந்த ஸ்திரீயின் ஆட்சேபத்துக்கு இதுவே நேரான பதில். ஆனால் ஏழைக் குடும்பம் தன் கைப்பணத்தில் வாங்கக்கூடிய சாதனம் அல்ல அது.

பெட்டி அடுப்பையோ உள்ளூர்த் தச்சரே செய்து தருவார். முதல் நாள் இரவே ஊறவைத்த பருப்பைக் காலை பத்து மணிக்கு உள்ளே வைத்தால், நல்ல வெயிலில் ஒரு மணிக்கு எடுத்துவிடலாம்.