இரத்தத்தில் மேன்மை உண்டோ?



உமிழ்நீரை ஒரு சிறு குழாயில் நிரப்பி அனுப்பினால், நம் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்று விழுக்காட்டுக் கணக்கோடு சில வாரங்களில் அறிக்கை வருகிறது. இது விசுவாசத்திற்கு விரோதமானது என்று நான் சொல்லமாட்டேன். ஆராய்ந்தறியும் அறிவும் தேவன் தந்ததே. ஆனால் அந்த அறிக்கையைக் கையிலேந்தி, ‘நாங்களே ஆதிக்குடி, எங்கள் இரத்தமே கலப்பற்றது’ என்று மார்தட்டுகிறவர்கள் சபைக்குள்ளும் இருக்கிறார்கள். அவர்களை எதிர்த்தே இவ்வாரம் எழுதுகிறேன்.

முதலாவது, அந்த அறிவியலையே கேளுங்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பனும் அமெரிக்க மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸும் மதுரை வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் ‘எம்130’ என்னும் தொன்மையான மரபணுக்குறியைக் கண்டறிந்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக நடந்துவந்த ஆதிமனிதரின் தடயம் என்று அதை விளக்கினார்கள். அதைச் சாதிப் பெருமைக்குச் சான்றாக்குவோர் உண்டு. ஆனால் அதே குறி ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடமும் மங்கோலியரிடமும் காணப்படுகிறதே! அப்படியானால் அது அறிவிப்பது உயர்வையா, உறவையா?

மேலும், அக்குறி அமைந்துள்ள ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்வது. பத்துத் தலைமுறை பின்னோக்கிச் சென்றால், அத்தலைமுறையில் மட்டும் ஒருவருக்கு 1,024 மூதாதையர் இடங்கள் உண்டு. ஒய் குரோமோசோம் அவற்றுள் ஒன்றைப் பற்றியே பேசும். மற்ற 1,023 இடங்களையும், அவற்றில் அடங்கிய தாய்மார் அனைவரையும் மறந்துவிட்டு எழுப்பும் பெருமை எத்தகைய பெருமை?

கலப்பற்ற இரத்தம் என்பதும் நில்லாது. ஐதராபாத் ஆய்வாளர் தங்கராஜ், அமெரிக்க ஆய்வாளர் டேவிட் ரைக் உள்ளிட்டோர் 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை இந்தியச் சமூகங்கள் பரவலாக ஒன்றோடொன்று கலந்தன என்றும், அதன் பின்னரே தத்தம் குழுவுக்குள் மணமுடிக்கும் வழக்கம் இறுகியது என்றும் அது காட்டியது. கலப்பு முந்தியது, சுவர் பிந்தியது.

இனி வேதத்தைத் திறப்போம். மத்தேயு எழுதிய வம்சவரலாற்றில் தாமாரும், ராகாபும், மோவாபியப் பெண்ணாகிய ரூத்தும் இடம்பெற்றிருக்கிறார்கள். மறைத்திருக்கக்கூடிய பெயர்களைச் சுவிசேஷகன் மறைக்கவில்லை. ஆபிரகாமைத் தகப்பனாகக் கொண்டோம் என்று மேன்மை பாராட்டியவர்களுக்கு யோவான் ஸ்நானன் கற்களைக் காட்டினான். பென்யமீன் கோத்திரத்தானாகிய பவுல், தன் பிறப்பின் சிறப்புகளை எல்லாம் கிறிஸ்துவுக்காகக் குப்பையென்று எண்ணினான். அத்தேனே பட்டணத்தில் நின்று, மனுஷ ஜாதியார் யாவருக்கும் மூலம் ஒன்றே என்று அறிவித்தான்.

ஒரே அப்பத்தில் பங்குபெறுகிற நாம், மணமகள் தேவை என்ற விளம்பரத்தில் சாதியின் பெயரை முதல் வரியில் எழுதுகிறோம். சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் மரித்தோரைச் சாதிவாரியாகப் பிரித்து வைக்கிறோம். உயிர்த்தெழுதலின் நாளில் அந்தச் சுவர் யாரைத் தடுக்கும்?

பிரியமானவர்களே, பரிசோதனை செய்ய விரும்பினால் செய்யுங்கள். அறிக்கை வந்ததும், நீங்கள் யாரைத் தாழ்ந்தவர் என்று எண்ணிவந்தீர்களோ, அவரிடமே அதைக் கொண்டுபோங்கள். ‘நீரும் நானும் உறவினர்’ என்று சொல்ல உங்கள் நாவு எழும்புமா? எழும்பாவிட்டால், சோதிக்கப்படவேண்டியது உமிழ்நீர் அல்ல, இருதயமே.

கர்த்தர்தாமே நம்மைத் தாழ்த்தி, ஒரே குடும்பமாக்குவாராக. ஆமென்.