லினக்ஸ் ஓடாதாமே!

செங்கல்பட்டிலோ மாமல்லபுரத்திலோ லேப்டாப் வாங்கப் போகும்போது, "இதுல லினக்ஸ் போடலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். "ஓடாதுங்க, வைஃபை வராது, தமிழ் அடிக்க முடியாது, வாரன்டியும் போயிடும்" என்று ஒரே மூச்சில் பதில் வரும்.

ஓடாது என்பது அப்பட்டமான தவறு. 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்தே கொடுத்தார்கள். டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம் அது. அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த செங்கல்பட்டுப் பிள்ளைகளின் கைக்கும் அது வந்தது. பலர் அதைத் திறந்தே பார்க்கவில்லை என்பது வேறு கதை.

வைஃபை விஷயத்தில் கடைக்காரர் சொல்வதில் பாதி உண்மை. லினக்ஸ் கெர்னலில் இன்டெல் வைஃபைக்கான டிரைவர் ஏற்கெனவே இருக்கிறது. பிராட்காம், சில ரியல்டெக் சில்லுகள்தான் படுத்தும். சில்லுக்குள் ஏற வேண்டிய ஃபர்ம்வேரும் பெரும்பாலும் மூடிய மென்பொருள். அதனால் டெபியன் நெடுங்காலம் அதை நிறுவல் வட்டிலேயே சேர்க்காமல் இருந்தது. 2023-ல் வந்த டெபியன் 12-இல்தான் சேர்த்தது. முழுக்கக் கட்டற்ற மென்பொருளே வேண்டும் என்று டிரிஸ்குவல் என்ற லினக்ஸ் வகையைப் போடுகிறவர்கள், ஃபர்ம்வேர் கேட்காத பழைய ஏதரோஸ் சில்லைத் தேடித்தான் ஆக வேண்டும். ஆக, கேட்க வேண்டிய கேள்வி "என்ன கம்பெனி?" அல்ல, "என்ன சில்லு?" கிராஃபிக்ஸுக்கும் இதே கணக்குதான்: இன்டெல், ஏஎம்டி என்றால் நிம்மதி, என்விடியா என்றால் கொஞ்சம் மல்லுக்கட்டு.

தமிழா? தமிழ்99 விசைப்பலகை லினக்ஸில் பல காலமாக உண்டு. வாரன்டியா? இயங்குதளத்தை மாற்றினால் வாரன்டி கிடையாது என்ற வரி எங்கே இருக்கிறது என்று அட்டையில் காட்டச் சொல்லுங்கள்.

டாலியில் கணக்கெழுதுகிறவர், ஆட்டோகேட் வரைகிறவர் விண்டோஸிலேயே இருக்கட்டும். அவர்களோடு எனக்கு வழக்கில்லை.

மற்றவர்கள் கடைக்குப் போகும்போது உபுண்டு லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவ் ஒன்றைக் கொண்டுபோங்கள். எதையும் நிறுவாமலே அதிலிருந்து இயக்கலாம். வைஃபை, ஒலி, கேமரா மூன்றையும் பாருங்கள். மூடியை மூடித் திறந்தால் தூக்கத்திலிருந்து எழுகிறதா பாருங்கள். எஸ்.எஸ்.டி. தெரியாவிட்டால் பதற வேண்டாம். பல இன்டெல் கணினிகளில் பயாஸில் விஎம்டி என்ற அமைப்பை அணைத்தால் தெரிந்துவிடும். பழைய கணினி என்றால் யுஎஸ்பி துளைக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பதும் நல்லது: மாமல்லபுரம் பக்கத்து உப்புக்காற்றில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால், அதற்கு எந்த இயங்குதளமும் பொறுப்பல்ல.

பென்டிரைவைச் செருகவே விடாத கடை என்றால், அடுத்த கடைக்குப் போங்கள்.